மடிப்பு எதையெல்லாம் செய்யாது

மென்பொருள் செய்கிறவர்களுக்கு வரும் கோரிக்கைகளில் பாதி, அந்த மென்பொருளை வேறொன்றாக மாற்றச் சொல்பவை. மீதிப் பாதியும் அதையேதான் சொல்லும், ஆனால் "ஒரு சின்ன வேலைதான்" என்று தொடங்கும். இத்தொழிலில் உழலும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் வீட்டு ஏணியை இரவல் வாங்கிப் போனவர், திருப்பித் தரும்போது "இதுக்குச் சக்கரம் இருந்தா நல்லா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரன். மோட்டார் பம்புகளுக்கும் மாவரைக்கும் இயந்திரங்களுக்கும் கையேடு எழுதுவது என் பிழைப்பு. அந்தக் கையேடுகளை இணையத்தில் ஒழுங்காக வெளியிட ஒரு கருவி தேவைப்பட்டது. முன்பு என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த கோமதி அதைச் செய்து கொடுத்தாள். அவள் சிதம்பரம் தெற்கு வீதியில் இருக்கிறாள். வெறும் உரைக் கோப்புகளைக் கொடுத்தால் அத்தியாயம் பிரித்து, உள்ளடக்கம் சேர்த்து, பக்கத்துக்குப் பக்கம் தொடுப்பு வைத்து இணையக் கையேடாக்கித் தரும். 'மடிப்பு' என்று பெயர் வைத்தோம். திறந்த மூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், பிடிக்காததை மாற்றிக்கொள்ளலாம். நடைமுறையில் நான்காவதாக ஓர் உரிமையும் உண்டு. போன் செய்து திட்டலாம்.

மடிப்பைப் பராமரிப்பவர்கள் நாங்கள் இருவர்தான். நான் நிரலைப் படிப்பேன், அதில் இருக்கும் குறிப்புகளில் சந்திப்பிழை திருத்துவேன், எழுத வராது. எழுதுகிறவள் கோமதி. அவள் விலகிவிட்டால் மடிப்பு அத்தோடு முடிந்தது. அது கிட்டத்தட்ட நடந்துவிட இருந்த ஓராண்டின் சில நிகழ்ச்சிகளைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

மண்டபத்து விதிகள்

புவனகிரியில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ராஜவேலு எங்களுடைய ஆரம்பகாலப் பயனர். மண்டபத்து விதிமுறைகளை மடிப்பில் வெளியிட்டிருந்தார். மணமேடையில் ஆணி அடிக்கக் கூடாது, மாடிப்படியில் பந்தி போடக் கூடாது, ஜெனரேட்டர் அறைக்குள் மாப்பிள்ளைத் தோழர்கள் கூடக் கூடாது என்று நீளும். அதை நான்தான் ஒழுங்குபடுத்தினேன். கடைசியில் அகரவரிசையில் ஒரு சொல்லடைவும் வைத்துக் கொடுத்தேன். "ஆணி: மணமேடை காண்க" என்று அதில் ஒரு பதிவு உண்டு. அதை எழுதிய நாளில் எனக்கு ஏற்பட்ட நிறைவைப் பற்றி வீட்டில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் அழைத்தார். முகூர்த்த நாள் எது காலியாக இருக்கிறது என்று பார்த்து, அங்கேயே பதிவு செய்யும்படி ஒரு நாள்காட்டி வேண்டும் என்றார். மடிப்பு என்பது படிக்கிறவர்களுக்கானது, பதிவு செய்கிறவர்களுக்கானது அல்ல, இரண்டும் வேறு வேறு தொழில்கள் என்று பொறுமையாக விளக்கினேன். கையேடு என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்கினேன் என்று நினைக்கிறேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி சார். ஆனா விதிமுறைய படிச்சிட்டு எவன் சார் கல்யாணம் பண்றான்?"

ஒரு பக்கச் சட்டம்

எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. என் யோசனைதான். யாராவது ஒரு வசதி கேட்டால், அது ஏற்கெனவே இருப்பதாகப் பாவித்து அதற்கான கையேட்டுப் பக்கத்தை நான் முதலில் எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்குள் விளக்க முடிந்தால் கோமதி அதைச் செய்வாள். முடியாவிட்டால், அது நம் கருவிக்கு மீறியது என்று விட்டுவிடுவோம். விளக்க முடியாததைச் செய்யாதே என்பது நல்ல கொள்கை. இன்றைக்கும் நல்ல கொள்கை என்றுதான் நினைக்கிறேன்.

அதில் ஒரு கோளாறு இருந்தது. இத்தனை ஆண்டுகளாகப் பம்பு மோட்டாரின் அட்டைப்பெட்டிக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கி எழுதியே பழகியவன் நான். எதைக் கொடுத்தாலும் ஒரு பக்கத்தில் அடக்கிவிடுவேன். ராஜவேலுவின் நாள்காட்டி ஒரு பக்கத்தில் அடங்கியது. வாசகர் கருத்துப் பெட்டி அடங்கியது. அத்தியாய முடிவில் வினாடி வினா, படிக்கிற நேரத்துக்கு ஏற்ப நிறம் மாறும் பின்னணி, எல்லாமே அடங்கின; கோமதியும் ஒவ்வொன்றாகச் செய்துவந்தாள். வினாடி வினாப் பக்கத்தில் இன்னும் நாலு வரிக்கு இடம் மிச்சம் இருந்தது.

அந்தப் பக்கத்தை அனுப்பிய மறுநாள் கோமதி அழைத்தாள். நன்றாக இருக்கிறது என்பாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையில் அதையும் சொன்னாள். பிறகு, "நீங்க ஒரு பக்கத்துல எழுதறத நான் ஒரு மாசம் எழுதறேன்ணா" என்றாள்.

இல்லாததைத் தேடி வந்தவர்

ஆகவே மறுக்கத் தொடங்கினோம். மறுப்பதையும் முறையாகச் செய்ய வேண்டும் அல்லவா? 'இதில் இல்லாதவை' என்று தனி அத்தியாயம் ஒன்றைத் திறந்தேன். மறுத்த ஒவ்வொரு வசதிக்கும் ஒரு பக்கம். அது என்ன, எப்படி இயங்கியிருக்கும், எதனால் சேர்க்கவில்லை, என்ன கட்டாயம் வந்தால் மறுபரிசீலனை செய்யலாம், எல்லாம் இருக்கும். மடிப்பின் கையேட்டிலேயே மிக நன்றாக அமைந்த பகுதி அதுதான். இருப்பவற்றைப் பற்றி எழுதும்போது உண்மைக்குக் கட்டுப்பட வேண்டியிருக்கிறது. இல்லாதவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை.

விளைவை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். தேடுபொறிகளுக்கு 'உண்டு', 'இல்லை' என்ற வேறுபாடெல்லாம் கிடையாது. எந்தப் பக்கம் நன்றாக விளக்குகிறதோ அதை மேலே காட்டும். மடிப்பு செய்யாதவற்றையெல்லாம் தேடியவர்கள் வரிசையாக எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர், மாணவர் வருகைப்பதிவு எடுக்கும் வசதியைத் துறைக் கூட்டத்தில் அறிவித்துவிட்டே என்னை அழைத்தார். அந்த அத்தியாயத்தின் தலைப்பிலேயே 'இல்லாதவை' என்று இருப்பதை மரியாதையாகச் சுட்டிக்காட்டினேன். அவர் கோபப்படவில்லை. உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "இல்லாததையே இவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்களே சார், இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!"

தெற்கு வீதியில் ஒரு ஞாயிறு

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறிச் சிதம்பரம் போய்விடுவேன். கோமதியின் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வந்த கோரிக்கைகளை ஒவ்வொன்றாகப் பேசுவோம். அவள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மடிப்புக்குக் கிடைப்பது, காலையில் மற்றவர்கள் எழுந்திருப்பதற்கு முந்தைய நேரம் மட்டும்தான்.

அன்று அவள் கணினியைத் திறக்கவே இல்லை. காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஆனித் திருமஞ்சனத் தேரு வரைக்கும் பாக்கறேன். தேருக்கு வீடு பூரா சொந்தக்காரங்க வந்துடுவாங்க, லேப்டாப் வெக்கவே எடம் இருக்காது. அதுக்குள்ள இது என்னா, எதுக்கு, எங்க நிக்கும்னு முடிவு பண்ணிடணும். இல்லன்னா நான் கழண்டுக்கறேன்."

நான் காபியை ஆற்றினேன். ஏற்கெனவே ஆறித்தான் இருந்தது. வேலை அதிகமென்றால் இன்னும் ஓர் ஆளைப் பிடிக்கலாம், கோரிக்கைகளை நான் வடிகட்டி அனுப்புகிறேன், அவசரமில்லாததை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் தலையாட்டியபடியே கேட்டாள்.

"இன்னொருத்தர் வந்தா அவர்கிட்ட என்னான்னு சொல்லுவீங்க? கல்யாண மண்டபமா, ஸ்கூலா, புஸ்தகமா?"

என்னிடம் பதில் இருந்தது. பல பத்திகளில் இருந்தது. அதனாலேயே சொல்லவில்லை. அவள் என் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வேல ஜாஸ்தின்னு போகலண்ணா. எது நம்ம வேலன்னே தெரியல, அதனாலதான் போறேன்."

கரையில் திறக்கும் பக்கம்

தேவனாம்பட்டினத்தில் வேலு என்று ஒருவர் படகு இஞ்சின் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். 'இஞ்சின் நின்றால்' என்ற தலைப்பில் அவரும் நானும் சேர்ந்து ஒரு சிறு கையேடு செய்திருந்தோம். எதை முதலில் பார்க்க வேண்டும், எதைக் கழற்றலாம், எதில் கை வைக்கவே கூடாது என்று படங்களோடு மடிப்பில் வெளியிட்டது. படகுக்காரர்கள் போனில் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அதில் தனிப் பெருமை உண்டு. சொல்லடைவு வேண்டாம் என்று வேலு தடுத்தும் வைத்திருந்தேன்.

ஒரு காலை வேலு வரச் சொன்னார். கடை வாசலில் செல்வம் என்ற படகுக்காரர் நின்றிருந்தார். முந்தைய வாரம் அவருடைய இஞ்சின் கடலில் நின்றுபோய், அந்தப் பக்கமாக வந்த இன்னொரு படகு கயிறு போட்டு இழுத்து வந்திருக்கிறது.

"மச்சான், சார்கிட்ட காட்டு" என்றார் வேலு.

செல்வம் போனை நீட்டினார். எங்கள் பக்கம் கடலில் எப்படித் தெரிந்தது என்று படம் பிடித்து வைத்திருந்தார். வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வட்டம்.

"இது சுத்திக்கினே இருந்துச்சு சார். இஞ்சின் சுத்தல, இது மட்டும் நல்லா சுத்துச்சு."

"அங்கே டவர் இல்லையே, அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்றேன். 'இணையம் இல்லாத இடத்தில் படித்தல்' என்ற பக்கம் 'இதில் இல்லாதவை' அத்தியாயத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது. 'வாசகரின் இணைய இணைப்புக்கு வெளியீட்டாளர் பொறுப்பேற்பதற்கில்லை' என்று அதில் ஒரு வாக்கியம் வரும். எழுதியபோது எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம்.

"ஆமா, கடலு பூரா டவரு நட்டுட்டா இவன் வலைய எங்க போடுவான்?" என்றார் வேலு.

செல்வம் சிரிக்கவில்லை. "கரையில நல்லாத்தான் தொறக்குது சார். கரையில இஞ்சின் நின்னா நான் எதுக்கு அத படிக்கறேன்? நடந்து இவன் கடைக்கு வந்துட மாட்டேன்?"

எதிரில் உட்கார்ந்திருப்பவர்

இதைக் கோமதியிடம் சொன்னபோது, ஆனித் திருமஞ்சனத்துக்கு முந்தைய கடைசிச் சந்திப்பு அதுதான் என்பது இருவருக்கும் தெரியும். அவள் காபி டம்ளர்களை ஓரமாக நகர்த்தினாள். பிறகு கணினியைத் திறந்தாள்.

"அந்தப் பக்கத்துல இருக்கறது கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் படம். அதுக்கு எதுக்குண்ணா நெட்டு?"

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கையேட்டின் எழுத்துக்கும் படத்துக்கும் இணையம் தேவையில்லை. ஒருமுறை போனில் இறக்கிவிட்டால் எங்கே வேண்டுமானாலும் திறக்கும். திறக்க விடாமல் இழுத்துப் பிடித்திருந்தவை, யாருடைய கையேடானாலும் கூடவே ஏறிக்கொண்ட வேறு சில. கருத்துப் பெட்டி, நாள்காட்டி, வினாடி வினா, நிறம் மாறும் பின்னணி. நாங்கள் இரக்கப்பட்டும் பெருமைப்பட்டும் சேர்த்தவை எல்லாம் ஒன்று தவறாமல், பக்கத்தைக் காட்டும் முன் இணையத்தில் யாரையோ கூப்பிட்டு அனுமதி கேட்டுக்கொண்டிருந்தன. யார் எந்த வசதியைக் கேட்டார், அவர் எவ்வளவு வேண்டியவர் என்றெல்லாம் இத்தனை நாள் விவாதித்தோம். பக்கம் எந்த இடத்தில் திறந்தாக வேண்டும் என்று இருவருமே கேட்டுக்கொண்டதில்லை.

கோமதி ஒரு வரி தட்டினாள். 'மடிப்பு எழுதியதைப் பக்கமாக்கும், அந்தப் பக்கம் இணையம் இல்லாத இடத்திலும் திறக்கும், அவ்வளவுதான்.' 'அவ்வளவுதான்' என்பது எழுத்து நடைக்குப் பொருந்தாது என்றேன். அது இருந்தால்தான் மற்றதை எழுதுவேன் என்றாள். இருக்கட்டும் என்றேன்.

பிறகு நீக்க வேண்டியவற்றை அவள் வாசிக்க வாசிக்க, நான் ஒரு தியாகியின் முகத்தோடு ஒப்புதல் அளித்துக்கொண்டே வந்தேன். அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு என்ற வசதி வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடிக்குறிப்பைத் தொட்டால் அதற்குள்ளிருந்து இன்னொரு குறிப்பு விரியும். நான் கேட்டு அவள் செய்தது. ஒவ்வொரு முறை தொடும்போதும் அது இணையத்துக்கு ஓடிப்போய் வரும். நம் மரபில் நூலுக்கு உரை உண்டு, உரைக்கு விளக்கம் உண்டு, விளக்கத்துக்குக் குறிப்பு உண்டு, இதை எடுப்பது ஒரு நாகரிகத்தையே எடுப்பதாகும் என்று வாதாடினேன். யாருமே பயன்படுத்தவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும் என்றும் கேட்டேன்.

"யாருமே இல்லன்னு சொல்லலயேண்ணா. ஒருத்தர் பயன்படுத்தறாரு. அவரு என் எதிர்ல உக்காந்திருக்காரு."

மண்டபத்துக்கு ஒரு போன்

வசதிகளைச் சேர்த்தபோது யாரும் நன்றி சொல்லி எழுதவில்லை. நீக்கப்போகிறோம் என்று அறிவித்ததும், எங்கெங்கோ இருக்கும் பயனர்களிடமிருந்து கடிதங்கள் வந்தன. சில ஆங்கிலத்தில், சில மிக நல்ல ஆங்கிலத்தில். ஒவ்வொன்றுக்கும் விரிவாகப் பதில் எழுத என் கை பரபரத்தது. கோமதி தட்டிய வரியை மட்டும் ஒட்டி அனுப்பினேன். ராஜவேலுவுக்கு மட்டும் நானே போன் செய்தேன். அவர் கேட்டுக் கேட்டு வாங்கிய நாள்காட்டி போகிறது, கருத்துப் பெட்டியும் போகிறது. திட்டு வாங்குவதாக இருந்தால் நேராகவே வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"கமெண்ட்டு போவட்டும் சார், நல்லதுதான். பொண்ணு வூட்டுக்காரங்களும் மாப்ள வூட்டுக்காரங்களும் மண்டபத்த காலி பண்ணிட்டுப் போயி அங்கதான் சண்ட போட்டுக்கினு இருந்தாங்க" என்றார். நாள்காட்டி? ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு குடும்பங்கள் பதிவு செய்து, இரண்டு குடும்பங்களுமே தாம்பூலத்தோடு வந்து நின்றதிலிருந்து அதை அவர் தொடுவதே இல்லையாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்குத்தான் இல்லை. குரலை உயர்த்திக் கேட்டார்: "எடுக்கறதுன்னா மொதல்லயே எடுத்திருக்கலாம்ல சார், நான் கேக்கறதுக்கு முன்னாடியே?"

தேர் நாள்

ஒல்லியாகிவிட்ட புது மடிப்பை, தேருக்கு முந்தைய நாள் கோமதி வெளியிட்டாள். வேலு அதைக்கொண்டு கையேட்டை மறுபடி உருவாக்கிப் படகுக்காரர்களின் போன்களில் ஏற்றினார். மறுநாள் காலையில் நான் தேவனாம்பட்டினம் கரையில் நின்றேன். அந்த வட்டம் மறுபடியும் சுற்றியிருந்தால், இத்தனை பேரின் வருத்தத்தையும் வாங்கி நாங்கள் வெட்டியது வீண். கோமதி கொடுத்த கெடுவும் அன்றோடு முடிகிறது. அடுத்த நாளிலிருந்து மடிப்புக்கு நான் மட்டும்தான் என்றால், அதன் குறிப்புகளில் சந்திப்பிழை இருக்காது. வேறு எதுவும் இருக்காது.

செல்வத்தின் படகு வந்தது. வலையை இறக்கிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"தொறந்துச்சு சார். நம்பிக்க இல்லாம, தூரம் போனதும் நானே இஞ்சின நிறுத்திட்டுத் தொறந்து பாத்தேன். படமெல்லாம் வந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, இஞ்சின் திரும்ப ஸ்டார்ட் ஆவல. உங்க பக்கத்துல போட்டிருந்த மாதிரியே பில்டர கழட்டி ஊதுனேன். ரெண்டு இழுப்புல கெளம்பிடுச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார். காற்று, மழை நிலவரமும் அதிலேயே வருகிற மாதிரி ஒரு சின்ன வேலை செய்துவிட்டால் நன்றாக இருக்குமாம். நியாயமான கோரிக்கை. ஒரு பக்கத்தில் அடங்கும் என்றுகூடத் தோன்றியது. "முடியாது செல்வம்" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு வலையைப் பார்க்கப் போனார். நான் மறுத்ததும் ஒருவர் அவ்வளவு எளிதாகப் போய்விட்டதைப் பார்த்தது அதுதான் முதல் முறை.

கோமதிக்குப் போன் செய்தேன். அவள் வீட்டில் நாதஸ்வரத்துக்கும் குழந்தைகளுக்கும் நடுவே போட்டி நடந்துகொண்டிருந்தது. கடலில் திறந்தது என்று கத்திச் சொன்னேன். செல்வம் புதிதாகக் கேட்டதையும் சொன்னேன்.

"முடியாதுன்னுட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"காரணம் எழுதப்போறீங்களா?"

"இல்லம்மா."

மறுமுனையில் யாரோ அவளை வாசலுக்குக் கூப்பிட்டார்கள். "அப்ப திங்கக்கெழம காலையில மிச்சத்த பாக்கலாம்ணா, ரெண்டு பிழை வந்திருக்கு. இப்ப வெச்சிடறேன், தேரு எங்க தெருவுல திரும்பிடுச்சு!"

இந்தத் தொழிலில் ஆள் தங்க வேண்டுமென்றால் சில வசதிகள் வெளியேறித்தான் ஆக வேண்டும், எவை என்பதற்கு மட்டும் கையேடு எழுத முடியாது. நான் எழுதிப் பார்த்து, கோமதிக்குத் தெரியாமல் அழித்துவிட்டேன்.